சொல்லுக்குள் சொல்

(செமோரில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்கு மிகச் சிறியது. ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்து, அவற்றைக் கொண்டே வேறு சொற்களை அமைப்பது எப்படி என்பதுதான் அது. மழைநாளில் திடலுக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு நேரம் போக்கத் தரும் விளையாட்டு என்றே நம்மில் பலர் இதனை அறிவோம். ஆயினும், முறையாக ஆடினால் எழுத்திலக்கணம் முழுவதையும் இவ்விளையாட்டு கற்பித்துவிடும். முறை தவறி ஆடினால் தமிழ் எழுத்தைப் பற்றிய பிழையான எண்ணத்தைப் பிள்ளைகளின் மனத்தில் ஊன்றிவிடும். இவ்விரண்டையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

நாம் கூடியிருக்கும் ஊரின் பெயரிலிருந்தே தொடங்குவோம். செமோர் என்பதில் செ, மோ, ர் என மூன்று எழுத்துகள் உள்ளன. முதலெழுத்தை நீக்கினால் மோர் கிடைக்கிறது. தெற்கே ஈப்போவில் ஈ, போ என்னும் இரண்டு சொற்கள் உள்ளன. ஈ என்பது பறக்கும் சிற்றுயிர். கொடு என்றும் பொருள்படும். போ என்பது ஏவல். ஓரெழுத்தே ஒரு சொல்லாக நிற்பதனை ஓரெழுத்து ஒருமொழி என்கிறோம். நன்னூல் இத்தகைய சொற்களை 42 எனக் கணக்கிடுகிறது. இன்னும் தெற்கே சென்றால் கம்பார். அதில் உள்ள பா என்னும் நெடிலைக் குறிலாக்கினால் கம்பர் எழுந்து வருகிறார். இவ்வாறு நெட்டெழுத்தைக் குறுக்கி வேறு சொல் பெறுவதனை அணிநூலார் மாத்திரைச் சுருக்கம் என்பர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஈப்போ என்னும் பெயர், பழங்குடியினர் ஊதுகுழல் அம்புகளில் தோய்க்கும் நஞ்சைத் தரும் ஈப்போ மரத்தால் வந்தது. அதில் ஈயும் போவும் கிடைப்பது எழுத்துகளின் தற்செயலேயன்றிச் சொல்லின் வரலாறு அன்று. சொல் விளையாட்டு வேறு, வேர்ச்சொல் ஆய்வு வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

எழுத்து என்பது எது?

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. மலாய்மொழியையும் நம் பிள்ளைகள் அதே எழுத்துகளில்தான் கற்கின்றனர். மலாயில் பாம்பைக் குறிக்கும் ஊலார் என்னும் சொல்லின் நான்கு எழுத்துகளை இடம் மாற்றினால், வெளி என்று பொருள்படும் லுவார் கிடைக்கிறது. உரோமன் எழுத்தில் இது எளிது. உயிருக்கு ஓரெழுத்து, மெய்க்கு ஓரெழுத்து எனத் தனித்தனியே நிற்பதால் அவற்றைத் தாயக்கட்டைபோல உருட்டி எடுக்கலாம்.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். ஆல்பிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1938இல் உருவாக்கிய ஸ்கிராபிள் ஆட்டத்தில் 100 வில்லைகளே உள்ளன. தமிழுக்கு எழுத்துக்கு ஒன்றாக வைத்தாலும் 100 போதாது. ஆகவே, வேற்றுமொழி ஆட்டத்தை அப்படியே கொண்டுவந்து தமிழுக்குப் பொருத்த இயலாது. முதலில் எதனை எழுத்தாகக் கொள்வது என்று முடிவு செய்தல் வேண்டும்.

இதற்கு இரண்டு முறைகள் உள்ளன. உயிர்மெய்யை உடைக்காமல் ஓர் எழுத்தாகவே கொள்வது முதல் முறை. உயிர்மெய்யை மெய்யாகவும் உயிராகவும் பிரித்துக்கொள்வது இரண்டாம் முறை. தமிழ் என்னும் சொல்லையே சோதித்துப் பார்ப்போம். முதல் முறையில் அது த, மி, ழ் என மூன்று எழுத்து. இம்மூன்றையும் எப்படி மாற்றினாலும் மித என்னும் ஏவல் போன்ற ஓரிரு சொற்களே கிடைக்கும். இரண்டாம் முறையில் அது த், அ, ம், இ, ழ் என ஐந்தாகிறது. இப்போது இதழ் கிடைக்கிறது, மதி கிடைக்கிறது, தனிமையைக் குறிக்கும் தமி கிடைக்கிறது, அமிழ் கிடைக்கிறது. கைப்பிடியளவு எழுத்துகளுக்குள் இத்தனை சொற்கள் உறைகின்றன என்பதைக் காணும்போது நமக்கே வியப்பாக இருக்கிறது.

இவ்விரண்டு முறைகளும் இலக்கணத்திற்கு இயைந்தவையே. ஆனால், இன்று மூன்றாவது முறை ஒன்று நம் வகுப்பறைகளுக்குள் நுழைந்துள்ளது. கணினியில் பயிற்சித்தாள் அணியமாக்கும்போது, ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கலைத்துத் தரும்படி மென்பொருளிடம் சொல்கிறோம். ஒருங்குறி முறையில் தமிழ் என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகப் பதிவாகிறது. தமிழெழுத்தை அறியாத மென்பொருள் அக்குறிகளையும் புள்ளியையும் தனித்தனி எழுத்தாகக் கருதிச் சிதறடிக்கிறது. தாளில் கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில், வட்டத்தின்மேல் தொங்கும் புள்ளி ஓரிடத்தில் எனக் கிடக்கும். கொடி என்பதில் உள்ள கொ ஓரெழுத்து என்று காலையில் கற்பித்துவிட்டு, அதே எழுத்தை மாலையில் பல துண்டுகளாக்கிக் கையில் கொடுத்தால், பிள்ளை எதனை நம்பும்? இதற்குத் தீர்வு உண்டு. ஓப்பன்-தமிழ் போன்ற கட்டற்ற நிரல்தொகுப்புகள் தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சரியாகப் பிரித்துத் தருகின்றன. அது கைவராதவர்களுக்குக் கரும்பலகையும் வெண்கட்டியும் போதும்.

முன்னோர் வகுத்த வகை

இவ்விளையாட்டு மேலைநாட்டிலிருந்து வந்தது என்று எண்ண வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம், சொல்லணியியலில் சித்திரக்கவி வகைகளைத் தொகுத்துரைக்கிறது. ஒரு சொல்லில் ஓரெழுத்தாகக் கூட்டிக்கூட்டி வெவ்வேறு பொருள் பெறுவது எழுத்து வருத்தனம். ஓரெழுத்தாக நீக்கிநீக்கி வெவ்வேறு பொருள் பெறுவது அக்கரச்சுதகம். மாநகரம் என்னும் சொல்லில் முதலெழுத்தை நீக்கினால் நகரம். மீண்டும் முதலெழுத்தை நீக்கினால் கையைக் குறிக்கும் கரம். இதுவே அக்கரச்சுதகத்தின் அடிப்படை. கரத்திலிருந்து மேலேறி மாநகரத்தை அடைந்தால் அது எழுத்து வருத்தனம். நம் பிள்ளைகள் ஏணி போல எழுதிப் பழகும் பயிற்சிக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பெயரிட்டு இலக்கணமும் வகுத்திருக்கின்றனர்.

பின்னிருந்து படித்தாலும் மாறாத மாலைமாற்றை மாணவர் அனைவரும் அறிவர். விகடகவி, தேரு வருதே, மோரு போருமோ என்பன நாவில் புழங்குவன. திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகப் பாடியுள்ளார். இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. விகடகவி என்பது வி, க, ட, க, வி என உயிர்மெய்யை உடைக்காமல் எண்ணினால் மட்டுமே மாலைமாற்றாகும். மெய்யும் உயிருமாகப் பிரித்தால் ஆகாது. நம் புலவர்கள் எழுத்து என்று எதனைக் கொண்டனர் என்பதற்கு இது தெளிவான சான்று.

திரிபாகி என்பதும் அணிநூலார் கூறும் ஒரு வகை. மூன்றெழுத்துச் சொல் ஒன்றன் எழுத்துகளைப் பிரித்தும் கூட்டியும் வேறு சொற்கள் பெறுவது அது. கவிதை என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். முதலும் இடையும் சேர்ந்தால் கவி. முதலும் ஈறும் சேர்ந்தால் கதை. இடையும் ஈறும் சேர்ந்தால் விதை. ஈறு மட்டும் நின்றால் தை. பாதிரி என்னும் மரப்பெயரும் இவ்வாறே பாதி, பாரி, திரி எனப் பிரியும்.

வினாவுத்தரம் என்பது விடைகளைச் சேர்த்து விடை காண்பது. கொடியில் மலர்வது எது? பூ. கதிரவன் சாயும் பொழுது எது? மாலை. விருந்தினர் கழுத்தில் விழுவது எது? பூமாலை. நம் பாட்டிமார் விடுகதையாகச் சொல்லிவந்ததும் 1930களில் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டியாக நடத்தியதும் இந்த மரபின் உறவினவே.

இருபத்து நான்கில் இரண்டு

இனி, இவ்விளையாட்டு எவ்வாறு இலக்கணம் கற்பிக்கிறது என்பதைக் காண்போம். நகரம் என்னும் சொல்லில் ந, க, ர, ம் என நான்கு எழுத்துகள். நான்கு வேறு பொருள்களை 24 வகையாக வரிசைப்படுத்தலாம் என்பது கணக்கு. இருபத்து நான்கையும் எழுதிப் பார்க்க வேண்டுமா? வேண்டியதில்லை. இலக்கணம் நமக்கு வழி காட்டும்.

மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வாராது. எனவே ம் முதலாகும் ஆறு வரிசைகள் நீங்கி 18 எஞ்சும். ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது. எனவே மேலும் ஆறு நீங்கி 12 எஞ்சும். இனி மெய்ம்மயக்கம். மகர மெய்யை அடுத்துத் தன்னெழுத்தாகிய மகரமும், ப, ய, வ என்பனவுமே ஒரு சொல்லுக்குள் வரும். ககரமோ நகரமோ ரகரமோ வாராது. ஆகவே ம் ஈற்றில் மட்டுமே நிற்க முடியும். எஞ்சுவன நான்கு: நகரம், நரகம், கநரம், கரநம். தந்நகரம் உயிரேறிச் சொல்லின் இடையில் வருவது தமிழில் அரிது. பொருநை போன்ற சிலவற்றிலேயே அதனைக் காண்கிறோம். ஆகவே பின்னிரண்டும் நம் செவிக்கே ஒவ்வாமல் போகின்றன. இறுதியில் நிற்பவை நகரமும் நரகமும்.

மொழிமுதல் எழுத்துகள் 22, மொழியிறுதி எழுத்துகள் 24 என்று நன்னூல் கூறுவதை மனப்பாடம் செய்யும் மாணவர் பலர். அது எதற்கு என்று கேட்கும் மாணவரும் உளர். அவர்களிடம் இந்த நான்கு எழுத்துகளைக் கொடுங்கள். இருபத்து நான்கு கதவுகளில் இருபத்திரண்டை இலக்கணமே அடைத்துக் காட்டும். விதி என்பது தேர்வுக்கு உரியது என்ற எண்ணம் அங்கே மறையும்.

மயங்கொலிப் பிழைகளுக்கும் இது நல்ல மருந்து. மரம் என்னும் சொல்லின் எழுத்துகளைக் கொண்டு மறம் எழுத முடியாது. கையில் இருப்பது இடையின ரகரம், வல்லின றகரம் அன்று. நூறு முறை சிவப்பு மையால் திருத்தியும் பதியாத வேறுபாடு, அந்த எழுத்து என்னிடம் இல்லையே என்று பிள்ளை தானே உணரும்போது பதிந்துவிடுகிறது.

நாங்கள் செய்த பிழை

இவ்விடத்தில் எங்கள் பிழை ஒன்றனையும் சொல்லியாக வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன், ஒரு தோட்டப் பள்ளியில் கற்பித்த காலத்தில், மலர் என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் ஒலிகளைக் கொண்டு வேறு சொல் அமைக்கும்படி கூறினோம். அதிகம் பேசாத ஒரு பிள்ளை மரல் என்று எழுதிக் கொண்டுவந்தது. அப்படி ஒரு சொல் இல்லை என்று கோடு போட்டுவிட்டோம். பாட்டி வீட்டு வாசலில் இருக்கிறதே என்று அந்தப் பிள்ளை மெல்லச் சொன்னது. வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

பின்னர் ஒரு நாள் வேறு சொல்லுக்காக அகராதியைப் புரட்டியபோது மரல் கண்ணில் பட்டது. நீண்டு தடித்த இலையுடைய செடி. மருள் என்றும் சொல்வர். நார் எடுக்கப் பயன்படுவது. சங்க இலக்கியத்தில் வழங்கும் சொல். ம், அ, ல், அ, ர் என்னும் ஐந்து ஒலிகளை மாற்றினால் ம், அ, ர், அ, ல். பிள்ளை எழுதியது முழுவதும் சரி. எங்கள் அறியாமைக்கு அந்தப் பிள்ளையின் விடை பலியாயிற்று. மறுநாள் வகுப்பில் எங்கள் தவற்றை ஒப்புக்கொண்டோம். ஆயினும், அந்தக் கை மீண்டும் உயர நெடுநாள் ஆயிற்று.

அன்று கற்றதை இன்று உங்கள் முன் வைக்கிறோம். அகராதியைப் பார்க்கும்வரை எந்தச் சொல்லையும் இல்லை என்று சொல்லாதீர்கள். ஆசிரியர் அறியாத சொல்லைப் பிள்ளையின் பாட்டி அறிந்திருக்கக்கூடும். கடல் கடந்து வந்தவர்கள் தகரப்பெட்டியில் கொண்டுவந்தவை சில. நாவில் கொண்டுவந்தவை பல.

தோட்டத்துச் சொற்கள்

1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. பிற்காலத்தில் அம்மரம் இம்மண்ணின் முகத்தையே மாற்றியது. அதனை வெட்டிப் பாலெடுக்கத் தமிழர் ஆயிரமாயிரமாய் வந்தனர். அவர்கள் அதற்கு இட்ட பெயர் பால்மரம். பா, ல், ம, ர, ம் என்னும் அவ்வெழுத்துகளுக்குள் பால் உண்டு, மரம் உண்டு, பாரம் உண்டு. பாமர என்னும் அடைமொழியும் அங்கேயே உண்டு. விடியுமுன் பாரம் சுமந்து சென்றவர்களைப் பாமரர் என்றுதான் உலகம் அழைத்தது.

ஒட்டுப்பால் என்பது கோட்டிலும் மங்கிலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும் பால். அச்சொல்லைக் கலைத்துப் பாருங்கள். ஒட்டு, பால் என்பன வெளிப்படை. கூர்ந்து நோக்கினால் பாடு கிடைக்கும்; பாட்டும் கிடைக்கும். தோட்டத்து வாழ்வில் இரண்டும் இருந்தன.

கங்காணி என்னும் சொல் கண்காணி என்பதன் திரிபு. கண்காணி என்பதற்குள் கண் உண்டு, காண் உண்டு. இவை அச்சொல்லின் பொருளோடு உண்மையிலேயே உறவுடையவை. கணக்கிடுவதைக் குறிக்கும் கணியும் நிலத்தைக் குறிக்கும் காணியும்கூட அங்கே கிடைக்கின்றன, இவை தற்செயல். ஆள் திரட்டிவந்த கங்காணி முறை, 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்ததோடு ஓய்ந்தது. கண்காணிக்கப்பட்டோர் பலருக்குக் காணி நிலம் வாய்க்கவில்லை என்பது வரலாறு. ஒரு சொல்லைக் கலைக்கும் பிள்ளை அந்த வரலாற்றின் வாயிலில் வந்து நிற்கிறது. உள்ளே அழைத்துச் செல்வது ஆசிரியரின் கடமை.

தோட்டங்கள் பல செம்பனையாயின. பல வீடமைப்புப் பகுதிகளாயின. பிரட்டு, மங்கு, லயம், ஒட்டுப்பால் என்னும் சொற்களை அறிந்த தலைமுறை அருகி வருகிறது. இச்சொற்களைப் பாதுகாக்க அருங்காட்சியகம் மட்டும் போதாது. பிள்ளையின் வாயில் புழங்கும் சொல்லே வாழும். வாரத்திற்கு ஒரு தோட்டச் சொல்லைக் கரும்பலகையில் எழுதுங்கள். அதனைக் கலைக்கும் முன் அதன் பொருளை வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். கேட்பதற்கு ஒரு பேரப்பிள்ளை வந்து அமர்வதே பல முதியோர்க்குப் பெரும் மகிழ்ச்சி.

வகுப்பறைக்குச் சில நெறிகள்

முதலாவது, படிநிலை. தொடக்க வகுப்புகளில் உயிர்மெய்யை உடைக்காமல் ஆடுக. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்யாவதைக் கற்றபின் பிரித்து ஆடுக. பன்னிரண்டு உயிருக்கும் பதினெட்டு மெய்க்குமாக முப்பது அட்டைகளைப் பிள்ளைகளே வெட்டிக்கொள்ளலாம். ஒரே எழுத்து மீண்டும் வேண்டுமானால் ஒரு படி கூடுதலாகச் செய்துகொள்ளலாம். கவி என்பதைப் பிரித்து வகி என்று சேர்க்கும் பிள்ளை, புணர்ச்சி இலக்கணத்தின் முதற்படியில் கால் வைத்துவிட்டது.

இரண்டாவது, பொருள். வாக்கியத்தில் வைத்துக் காட்டாத சொல்லுக்கு மதிப்பெண் இல்லை என்று முன்னதாகவே அறிவித்துவிடுக. இல்லையேல் ஆட்டம் வெறும் அடுக்கலாகிவிடும்.

மூன்றாவது, குறிலும் நெடிலும் வேறு எழுத்து. கம்பாரிலிருந்து கம்பரைப் பெறுவது மாத்திரைச் சுருக்கம் என்னும் தனி ஆட்டம். அதனைத் தனியே ஆடுக.

நான்காவது, அகராதி. குழுவிற்கு ஓர் அகராதி மேசைமேல் இருத்தல் வேண்டும். நடுவர் ஆசிரியர் அல்லர், அகராதி. அகராதியிலும் இல்லாத சொல்லைப் பிள்ளை சொன்னால் அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, யாரிடம் கேட்டது என்றும் குறித்துக்கொள்க. அந்தக் குறிப்பேடு நாளடைவில் உங்கள் ஊரின் சொற்களஞ்சியமாகும்.

அவையோரே, தமிழ்க் கல்வி இந்நாட்டில் 1816இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கி இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. பொருள் வளம் குன்றிய காலத்திலும் நம் ஆசிரியர்கள் வெண்கட்டி ஒன்றைக் கொண்டே தமிழை வளர்த்தனர். இவ்விளையாட்டுக்கும் அந்த வெண்கட்டியே போதும். நகரமும் நரகமும் ஒரே எழுத்துகளால் ஆனவை; வரிசை ஒன்றே வேறு. வகுப்பறையும் அப்படித்தான். அதே பிள்ளைகள், அதே பாடநூல், அதே நேரம். அவற்றை எந்த வரிசையில் அமைக்கிறோம் என்பது நம் கையில் உள்ளது.

வீடு திரும்பும் வழியில் செமோர் என்னும் பெயர்ப்பலகையைக் காணும் மாணவர்கள், அதில் இருக்கும் மோரை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பு உங்கள் தெருவின் பெயரையும் உங்கள் பெயரையும் கலைத்துப் பாருங்கள். கிடைத்த சொற்களை நாளை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் அறியாத சொல் ஒன்று அதில் இருக்குமானால், அன்றைய வகுப்பு உங்களுடையது.